எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு: முதலில் எதை வாங்குவது, எதை ஒத்திப்போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் விலைகள் சில்லறைக் கடை விலைகள், தோராயமானவை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

முதல் நாளே என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட், ஓம் அளக்கும் கருவி), ஒரு பிரெட்போர்டு (ஒட்டாமலே பாகங்களைச் செருகிச் சர்க்யூட் அமைக்கும் துளைப் பலகை), கொஞ்சம் ஒயர், 5 வோல்ட் தரும் ஒரு சப்ளை, கைப்பிடி அளவு பாகங்கள், ஒரு சின்ன கட்டர். 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சால்டரிங் அயர்ன்கூட (ஈயக் கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சூட்டுக்கோல்) முதல் இரண்டு வாரத்துக்குத் தேவைப்படாது. ஒரே ஒரு விதிவிலக்கு: சென்சார் மாட்யூல்களும் சில போர்டுகளும் 'பின்' எனப்படும் ஊசிக் கால்களின் வரிசை ஒட்டப்படாமல், தனியாகப் பையில் போட்டு வரும். பின்னை ஓட்டையில் செருகி மட்டும் வைத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். கோளாறு எங்கே என்று தேடியே நாள் போய்விடும். வாங்கும்போதே பின் ஒட்டியதாகக் கேளுங்கள்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், மீட்டரிலும் அயர்னிலும். அவை பல வருடம் கையில் இருக்கும். ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் காசுக் கணக்கில் கிடைப்பவை, எரிந்தாலும் கவலையில்லை.

200 ரூபாய் மல்டிமீட்டர் போதாதா?

மஞ்சள் நிறத்தில் எல்லாக் கடையிலும் தொங்கும் டிடி-830 வகை மீட்டரைத்தான் கேட்கிறீர்கள் என்றால், பேட்டரி சர்க்யூட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். அதிலும் 830பி வேண்டாம், 830டி வாங்குங்கள். 'டி'யில் கண்டினியூட்டி பீப் உண்டு. ஒயர் அறுந்திருக்கிறதா, எங்கேயாவது ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க அந்தச் சத்தம் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்க்கவேண்டி வரும்.

அதன் குறைகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வோல்ட் அளக்கும்போது இந்த மீட்டரின் உள்தடை பொதுவாக 1 மெகாஓம்தான். கொஞ்சம் நல்ல மீட்டர்களில் 10 மெகாஓம். இதனால் என்ன? 9 வோல்ட் பேட்டரியின் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்து நடுப்புள்ளியை அளந்து பாருங்கள். 4.5 வோல்ட் வர வேண்டும். மலிவு மீட்டர் 3 வோல்ட் காட்டும். மீட்டரே கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக நின்று கரண்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. 10 மெகாஓம் மீட்டர் 4.3 காட்டும். 10 கே, 20 கே ('கே' என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர்கள் உள்ள சர்க்யூட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு குறை: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி சோர்ந்துவிட்டால் அளவுகள் தப்பாக வரும். திரையில் பேட்டரிப் படம் வந்தபின் அந்த மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள்.

800 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிக்க முடியுமென்றால், தானாக ரேஞ்சு மாறுவது, கெபாசிட்டர் அளப்பது, 10 மெகாஓம் உள்தடை, கரண்ட் சாக்கெட் இரண்டுக்கும் பியூஸ் ஆகியவை உள்ளதைத் தேடுங்கள். திரையில் 6,000 கவுண்டா 20,000 கவுண்டா என்பதெல்லாம் ஆரம்பத்தில் வீண் ஆராய்ச்சி.

கடையிலேயே மீட்டரை எப்படிச் சோதிப்பது?

200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனையையும் ஒன்றோடொன்று அழுத்துங்கள். 0.2 முதல் 0.5 ஓம் வரை ஒரு எண் வந்து நிலையாக நிற்க வேண்டும். ஒயரைச் சுண்டினால் எண் குதித்தால் லீட் (மீட்டரின் அளக்கும் ஒயர்) சரியில்லை, வேறு கேளுங்கள். அடுத்து ஒரு புது ஏஏ செல்: 1.5 முதல் 1.6 வோல்ட். ஒரு சதவீத 10 கே ரெசிஸ்டர் கையோடு இருந்தால் 9.9 முதல் 10.1 வரை காட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரு நிமிட வேலை.

கரண்ட் அளந்ததும் மீட்டர் செத்துவிட்டது. ஏன்?

மீட்டர் செத்திருக்காது, உள்ளே பியூஸ் போயிருக்கும். கரண்ட் அளக்கும்போது மீட்டரின் உள்தடை ஏறக்குறைய பூஜ்ஜியம். அதை சர்க்யூட்டுக்கு நடுவே, ஒரு ஒயரைக் கழற்றி அந்த இடத்தில் வைக்க வேண்டும். பேட்டரியின் இரு முனைகளிலும் நேரே வைத்தால் அது வெறும் ஷார்ட்.

பெரும்பாலும் நடப்பது வேறு. கரண்ட் அளந்தவர் சிவப்பு லீடை அதே சாக்கெட்டில் விட்டுவிட்டு, அரைமணி கழித்து வோல்ட் அளக்க முனையை வைக்கிறார். திருகு வோல்ட்டில் இருந்தாலும் லீட் கரண்ட் சாக்கெட்டில் இருக்கிறதே! மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பியூஸே கிடையாது. பக்கத்திலேயே 'அன்ஃபியூஸ்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நிலையில் வீட்டு பிளக்கில் வைத்தால் பொறி பறந்து முனையே உருகும். கரண்ட் அளந்து முடித்த கையோடு லீடைப் பழைய இடத்துக்கு மாற்றுங்கள். போன பியூசுக்குப் பதில் அதே ஆம்பியர் கண்ணாடிப் பியூஸ் போடுங்கள். செம்புக் கம்பி சுற்றுவது வேண்டாம்.

பிரெட்போர்டில் எது நல்லது?

830 துளை உள்ளதே வசதி. 80 முதல் 150 ரூபாய். துளைகளுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், ஐந்து ஐந்து துளையாக உள்ளே இணைப்பு. இரண்டு ஓரங்களிலும் நீளமாக ஓடும் பவர் வரிசையைக் கூர்ந்து பாருங்கள்: சிவப்பு, நீலக் கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே தகடும் அங்கே துண்டாகியிருக்கும். இடது பாதியில் 5 வோல்ட் கொடுத்துவிட்டு வலது பாதியில் ஐசி (பல பாகங்களை உள்ளடக்கிய சில்லு) வேலை செய்யவில்லையே என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இதில் மாட்டியவர்கள். ஒரு சின்ன ஒயரால் இரண்டு பாதியையும் பாலம் போட்டுவிடுங்கள். கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தாலும் மீட்டரின் பீப்பில் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது.

தடித்த கால்களைச் செருகாதீர்கள். 1என்4007 டயோடின் கால் 0.8 மில்லிமீட்டர், அது போகும். 1என்5408 டயோடின் கால் அதைவிட நன்றாகத் தடித்தது. ஒருமுறை திணித்தால் உள்ளே இருக்கும் கவ்வி விரிந்துவிடும். பிறகு அந்தத் துளையில் மெல்லிய ரெசிஸ்டர் நிற்காது. மோட்டார், ஹீட்டர் போன்ற அதிகக் கரண்ட் சமாச்சாரங்களையும் பிரெட்போர்டு வழியாக ஓட்ட வேண்டாம். 1 ஆம்பியரே அதற்கு அதிகம்.

ஜம்பர் ஒயர் (பிரெட்போர்டில் செருக முனையோடு விற்கும் ரெடிமேட் ஒயர்) கட்டாயமா? வேறு ஒயர் ஆகாதா?

ஆகும், சொல்லப்போனால் அதைவிட நன்றாகவே ஆகும். சுவருக்குள் இழுக்கும் கேட்-5 நெட்வொர்க் கேபிளில் இரண்டு மீட்டர் வாங்கி மேலுறையை உரித்தால் எட்டு நிறத்தில் ஒற்றைக் கம்பி ஒயர் கிடைக்கும். தடிமன் அரை மில்லிமீட்டர், பிரெட்போர்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். முனையில் 7 மில்லிமீட்டர் உரித்தால் போதும். கடையில் 'முழுச் செம்பா' என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் விற்கிறார்கள், அது இரண்டு முறை வளைத்தாலே முறிந்துவிடும். கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் இணைக்கும் ரெடிமேட் பேட்ச் கேபிள் உதவாது. அதன் உள்ளே பல இழைகள். துளைக்குள் நுழையாமல் பூப்போல விரியும்.

ஆர்டுயினோவிலிருந்து (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டு) சென்சாருக்குப் போக மட்டும் ஆண்-பெண் முனை ஜம்பர் இருபது வாங்கிக்கொள்ளுங்கள்.

சப்ளைக்கு என்ன செய்வது? 9 வோல்ட் பேட்டரி போதுமா?

ஒரு எல்இடிக்குப் போதும். மோட்டார், சர்வோ (சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் மோட்டார்), வைஃபை போர்டு எதையும் அதனால் இழுக்க முடியாது. சதுரப் பேட்டரியில் கரண்ட் கொடுக்கும் திறன் குறைவு. சுமை வந்ததும் வோல்டேஜ் படுத்துவிடும். அதைவிட நாலு ஏஏ செல் போடும் பெட்டி மேல். 6 வோல்ட், விலையும் மலிவு.

வீட்டில் இருக்கும் பழைய போன் சார்ஜர் அருமையான 5 வோல்ட் சப்ளை. இரண்டு இடத்தில் மட்டும் கால் இடறும். சி-டு-சி கேபிள் (இரு முனையும் டைப்-சி) போட்டால் சில மலிவு மாட்யூல்களுக்குக் கரண்டே வராது: சார்ஜருக்கு 'இங்கே ஒரு கருவி இருக்கிறது' என்று சொல்ல வேண்டிய 5.1 கே ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். ஏ-டு-சி கேபிளில் (ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி) அதே மாட்யூல் ஓடும். அடுத்தது பவர் பேங்க். சர்க்யூட் மிகக் குறைந்த கரண்ட் இழுத்தால், போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் தானே அணைந்துவிடும்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 ஐசி வைக்கச் சொல்லிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12-க்கும் 5-க்கும் இடையே 7 வோல்ட். 100 மில்லிஆம்பியர் எடுத்தால் 0.7 வாட் சூடு, சமாளிக்கும். 500 மில்லிஆம்பியர் எடுத்தால் 3.5 வாட், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் தொட்டால் விரல் சுடும், ஐசி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் எல்எம்2596 பக் மாட்யூல் (அதிகம் சூடாகாமல் வோல்டேஜைக் குறைக்கும் சின்ன போர்டு) சரியான தேர்வு. ஆனால் அதன் திருகைத் திருப்பி 5 வோல்ட் வைத்தபிறகே சர்க்யூட்டை இணைக்க வேண்டும். வரும்போது எந்த வோல்டேஜில் இருக்குமென்று சொல்ல முடியாது.

30 வோல்ட், 3 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை (வோல்டேஜையும் கரண்டையும் திருகி வைக்கும் மேசைச் சப்ளை) பிற்பாடு வாங்கலாம். அதன் அருமை வோல்டேஜில் இல்லை, கரண்டுக்கு எல்லை வைப்பதில் இருக்கிறது. வோல்டேஜை வைத்துவிட்டு, இரண்டு லீடையும் ஷார்ட் செய்து கரண்ட் திருகை 100 மில்லிஆம்பியரில் நிறுத்துங்கள். பிறகு ஐசியைத் தலைகீழாகச் செருகினால்கூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

செல்போன், லேப்டாப்பில் இருந்து கழற்றிய லித்தியம் செல் இப்போது வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

சால்டரிங் அயர்ன் எத்தனை வாட் வாங்கலாம்?

நேரே பிளக்கில் செருகும் வகையென்றால் 25 வாட். கடையில் 'சால்ட்ரான் 25 வாட்' என்று கேட்டால் கிடைக்கும். சந்தையில் நெடுநாளாக இருக்கிறது, மாற்று பிட்டும் (அயர்னின் முனை) எலிமெண்டும் (சூடாக்கும் சுருள்) தனியாக வாங்கலாம். 60 வாட் நேரடி அயர்னை ஆரம்பிப்பவர்கள் வாங்கக் கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லாததால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். அதே 60 வாட், சூட்டை அளந்து நிறுத்தும் ஸ்டேஷனில் இருந்தால் கதை வேறு: வேண்டிய சூட்டுக்குச் சீக்கிரம் ஏறி அங்கேயே நிற்கும். 936 வகை ஸ்டேஷன் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. மாதம் நாலு போர்டாவது ஒட்டுவீர்கள் என்றால் அதற்குப் போங்கள்.

பிட் ஊசிமுனையாக இருந்தால் நுணுக்கமாக ஒட்டலாம் என்று தோன்றும். உண்மையில் ஊசிமுனையில் சூடு கடத்த இடமே இல்லை. 2 மில்லிமீட்டர் உளி முனை எல்லா வேலைக்கும் வரும்.

லெட் (உருக்கி ஒட்டும் ஈயக் கம்பி) எது? பேஸ்ட் தனியாக வேண்டுமா?

60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) என்று போட்ட, நடுவில் ஃபிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக்கி ஒட்ட உதவும் பொருள்) உள்ள கம்பி. 22 கேஜ் என்று கேளுங்கள், 0.7 மில்லிமீட்டர் இருக்கும். கடைக்காரர் வழக்கமாக எடுத்துக் கொடுக்கும் 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், ஐசி காலுக்கு வைத்தால் இரண்டு காலும் சேர்ந்து ஒட்டும். 50 கிராம் ரோல் மாதக்கணக்கில் வரும். ஈயம் இல்லாத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். 60/40 கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் கற்றுக்கொள்ளும்போது ஈயம் உள்ளதே கைக்கு வாகு. ஒட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதே மேசையில் டிபன் சாப்பிடாதீர்கள். எழும் புகை ஃபிளக்ஸின் புகை, மூச்சுக்கு நல்லதல்ல. சின்ன ஃபேனைப் புகையை இழுத்துப்போகும்படி பக்கவாட்டில் வையுங்கள்.

கம்பிக்குள் ஃபிளக்ஸ் இருப்பதால் புதுப் பாகங்களுக்குப் பேஸ்ட் தேவையில்லை. பழைய, கறுத்த கால்களுக்கு ரோசின் பேஸ்ட் உதவும். குழாய் வேலைக்கான ஆசிட் ஃபிளக்ஸ் எலக்ட்ரானிக்ஸ் பக்கமே வரக்கூடாது. சில மாதத்தில் தடத்தை அரித்துவிடும்.

லெட் உருண்டை உருண்டையாக நிற்கிறது, ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு?

அயர்ன் முனையில் லெட்டை உருக்கி எடுத்துவந்து பூசுகிறீர்கள். அதற்குள் ஃபிளக்ஸ் எரிந்து போய்விடுகிறது. செய்ய வேண்டியது இது: பிட்டை ஈரப் பஞ்சில் ஒருமுறை துடையுங்கள் (பஞ்சு பிழிந்திருக்க வேண்டும், சொட்டக்கூடாது). முனையில் துளி லெட் வையுங்கள். பிட்டைப் போர்டின் வட்டத்திலும் பாகத்தின் காலிலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்து ஒரு நொடி பொறுங்கள். இப்போது லெட் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து, பிட்டில் அல்ல, காலில் தொடுங்கள். உருகி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும். முதலில் கம்பியை எடுங்கள், அப்புறம் அயர்னை. மொத்தம் மூன்று நொடி. ஆறும்வரை பாகத்தை அசைக்காதீர்கள். நல்ல ஒட்டு காலைச் சுற்றிச் சரிந்த சிறு குன்று போலிருக்கும். முத்துப் போல உருண்டிருந்தால் அது போலி ஒட்டு.

பிட்டே கறுத்து லெட்டைப் பிடிக்காவிட்டால், அதை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சு உள்ள பிட்டில் மேலே இரும்புப் படலம் இருக்கிறது. அது போனால் உள்ளே செம்பு கரைந்து குழி விழும். பித்தளைச் சுருளில் குத்தித் துடைத்து உடனே லெட் பூசுங்கள். வேலை முடிந்து அணைக்கும்போதும் பிட்டில் லெட் பூசிவிட்டே அணையுங்கள்.

பாகங்கள் எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

கால் வாட் ரெசிஸ்டரில் 220, 330, 470 ஓம், 1 கே, 4.7 கே, 10 கே, 68 கே, 100 கே, 1 மெகாஓம்: வகைக்கு இருபது. 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் இருபது (0.1 மைக்ரோஃபாரட்), 103 ஐந்து. எலக்ட்ரோலைட்டிக்கில் 10, 100, 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், வகைக்கு ஐந்து. எல்இடி சிவப்பு, பச்சை பத்துப் பத்து. டிரான்சிஸ்டரில் பிசி547 பத்து, பிசி557 ஐந்து, 1என்4007 பத்து, 555 ஐசி மூன்று, புஷ் பட்டன் ஐந்து, 10 கே பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டு.

பிசி547 தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்2222 என்று விற்கும் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்களில் இந்த வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தலைகீழாகும். பிசி547-இன் எல்லை 100 மில்லிஆம்பியர். 5 வோல்ட் சின்ன ரிலே (காயிலில் கரண்ட் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்) சுமார் 70 இழுக்கும், அதுவரை சரி. மோட்டார் வைத்தால் போய்விடும். ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 ஒன்றைத் தலைகீழாகப் போட மறக்காதீர்கள். அணைக்கும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜ்தான் டிரான்சிஸ்டரைக் கொல்கிறது.

இதையெல்லாம் வைத்து முதலில் என்ன செய்து பார்ப்பது?

555-ல் நொடிக்கு ஒருமுறை கண்சிமிட்டும் விளக்கு. 1971-இல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த ஐசி. இன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஐசியின் அரைவட்டக் குறி மேலே இருக்கும்படி பார்த்தால் இடது மேல் கால் 1, அங்கிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் மேலே ஏறி எண்ணுங்கள். 1-ம் கால் மைனஸ், 4-ம் 8-ம் பிளஸ். 2-ஐயும் 6-ஐயும் சேருங்கள். 8-க்கும் 7-க்கும் இடையே 10 கே, 7-க்கும் 6-க்கும் இடையே 68 கே. 6-லிருந்து மைனசுக்கு 10 மைக்ரோஃபாரட், கோடு போட்ட பக்கம் மைனசில். 5-லிருந்து மைனசுக்கு 103. 3-லிருந்து 330 ஓம், அடுத்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் மைனசில். 5 வோல்ட் கொடுங்கள்.

கணக்கு: 10 கே உடன் 68 கே-இன் இரண்டு மடங்கு சேர்த்து 146 கே, அதை 10 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் 1.46, 1.44-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ். விளக்கு எரிந்தபடியே நின்றால் 2-6 இணைப்பைப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் எல்இடியைத் திருப்பிப் போடுங்கள். ஐசி சுட்டால் உடனே கழற்றுங்கள், தலைகீழாகச் செருகியிருப்பீர்கள், அரைவட்டக் குறி எதிர்ப்பக்கம் இருக்கும்.

நேரே ஆர்டுயினோவில் ஆரம்பித்தால் என்ன?

தாராளமாக. ஊனோ ஆர்3 வாங்குங்கள். 5 வோல்ட் போர்டு, சின்னத் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். குளோன் போர்டுகளில் சிஹெச்340 என்ற யுஎஸ்பி சிப் இருந்தால் டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கலாம். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள்.

இஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டில் வைஃபை உண்டு, ஆனால் அது 3.3 வோல்ட். 5 வோல்டில் ஓடும் ஹெச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரின் எக்கோ காலை நேரே மாட்டினால் பின் கெடலாம். எக்கோவுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கே, பின்னிலிருந்து மைனசுக்கு இரண்டு 1 கே தொடராக வைத்துப் பிரித்தால் 3.3 வோல்ட் வரும். போர்டு கம்ப்யூட்டரில் தெரியவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது.

'37 சென்சார்' கிட் வாங்கலாமா?

வேண்டாம். ஐந்தாறு பயன்படும், மீதி டப்பாவில் தூங்கும். செய்ய நினைக்கும் சர்க்யூட்டின் பட்டியலை எழுதி, எளிதில் எரிவதை மட்டும் இரண்டிரண்டாக வாங்குங்கள்.

ஆசிலாஸ்கோப் (வோல்டேஜ் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி)?

முதல் ஆறு மாதம் மறந்துவிடுங்கள். டிஎஸ்ஓ138 போன்ற கிட் ஒட்டிப் பழக நல்லது. 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் காட்டும். வாங்கும் நாளில் இரண்டு சேனல், 50 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல் பாருங்கள். அதன் கிரவுண்ட் கிளிப் வீட்டு எர்த்தோடு இணைந்தது. 230 வோல்ட் லைனில் அதை மாட்டினால் ஸ்கோப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?

சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் சந்துகளும் இருக்கின்றன. ஞாயிறு பெரும்பாலான கடைகள் திறக்காது. பட்டியலை எண்ணோடு எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் 'ஏதாவது டிரான்சிஸ்டர்' என்றால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். மீட்டரும் அயர்னும் கையில் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை.

வெளியூரில் இருப்பவர்கள் ஆன்லைனில் வாங்கும்போது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். பத்து ரூபாய் ஐசிக்கு எழுபது ரூபாய் கூரியர். மூன்று நாலு சர்க்யூட்டுக்குச் சேர்த்து ஆர்டர் போடுங்கள். பெயர்பெற்ற ஆடியோ ஐசியும் பெரிய மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் பாதி விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எழுத்தை அழித்து வேறு எழுத்து அச்சடித்தவை சந்தையில் உண்டு.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

பிரெட்போர்டும் நாலு ஏஏ செல்லும் தரலாம். அயர்னைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், கண்ணாடி போட்டு. பட்டன் செல் போடும் பொருள்கள் வேண்டாம். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் விழுங்கிவிடும், உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டர் வைத்து 230 வோல்டைக் குறைக்கும் சர்க்யூட் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் '5 வோல்ட்' ஒயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆரம்பிக்கும் யாருக்கும் அவை வேண்டாம்.

மழைக்காலத்தில் பாகங்கள் கறுத்துவிடுகின்றனவே?

ஜிப் பையில் வகை வகையாகப் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மதிப்பைப் பை மேல் எழுதுங்கள். ஏற்கெனவே கறுத்த காலை, பேனாக் கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டிவிட்டு லெட் பூசினால் பழையபடி ஒட்டும்.